ஆட்டுக்கிடை போட்ட மூலை

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. காலை ஆறரைக்கே வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அங்கிள் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மூன்று மாதங்களுக்கு முன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் வேலைக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

"இங்க வாம்மா. இது நான் ஆறு வருஷமா காயவச்சு எடுத்து வச்சுப் போடுற வெண்டை. அது தேக்காவுல வாங்குன பாக்கெட் விதை. ரெண்டும் ஒரே நாள்ல போட்டது. எது ஒசத்தின்னு நீயே சொல்லு."

அவருடைய வெண்டை என் தோள் உயரம் நின்றது. பாக்கெட் வெண்டை இடுப்பைத் தாண்டவில்லை. பார்த்தவுடன் யாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை. அவர் தன் விதையையெல்லாம் தோட்டத்தின் வெளிக்கோடிப் பாத்தியிலும், பாக்கெட் விதையையெல்லாம் சுவரோரப் பாத்தியிலும் போட்டிருந்தார். புளோக் தோட்டத்துக்கு மேற்கே நிற்கிறது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அதன் நிழல் சுவரோரப் பாத்தியை மூடிவிடும். வெளிக்கோடிக்கு அது வந்து சேர மூன்று மணியாகும். தினமும் ஒரு மணி நேர வெயில் ஒரு விதைக்குக் கூடுதல். அதை விதையின் குணம் என்று எப்படிச் சொல்வது?

"வெயில் வித்தியாசம் இருக்கே அங்கிள்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆறு வருடம் தேர்ந்தெடுத்துக் காத்த விதை அல்லவா. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்த பிறகும் அந்த முகம் போகவில்லை. ஏனென்றால் இதே தப்பை நான் செய்திருக்கிறேன். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில், புகையிலையில்.

கோயம்புத்தூரில் விவசாயம் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்ப் பக்கம். 1947ல் ராஜமுந்திரியில் தொடங்கப்பட்ட மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அப்போது அங்கே ஒரு கிளை இருந்தது. மெல்லும் புகையிலைக்குப் பேர்போன வட்டாரம். நான் வேலை பார்த்தது அந்த நிலையத்தில் இல்லை, ஒரு தனியார் நிறுவனத்தில். 2004ல் ஒரு விவசாயியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பத்தொன்பது புதிய கல்ச்சர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செக் ரகத்தையும் நட்டோம். கல்ச்சர் என்றால், ஒட்டுச் சேர்த்துப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து, இன்னும் ரகம் என்று பெயர் வைக்காத வரிசை. அப்படிப் பெயர் வைக்கலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் இந்தச் சோதனையின் வேலை. செக்காக பாக்கியலட்சுமி என்ற ரகத்தை வைத்திருந்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். எங்கள் அப்பத்தா வெற்றிலையோடு புகையிலை போட்டவர். கன்னத்தில் வந்த புற்றுநோயில்தான் போனார். இங்கே சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் மெல்லும் புகையிலைக்குத் தடை; அந்தத் தடையை நான் முழு மனதாக வரவேற்கிறேன். இந்தச் செடி பெருக வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஆனால் ஒரு சோதனைத் திடலை எப்படிப் போட வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் செடிதான். இன்று நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் இந்த ஊரிலிருந்து நான் பார்க்கும் கணக்கெல்லாம் அங்கே பட்ட அடியிலிருந்து வந்தது.

புகையிலைப் பாத்தியின் கணக்கு இப்படி. செடிக்குச் செடி 75 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர். ஒரு கல்ச்சருக்கு நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி, ஆக நாற்பது. 3 மீட்டருக்கு 7.5 மீட்டர், 22.5 சதுர மீட்டர். இதில் நாற்பதையும் எடை போடக் கூடாது. உயரமான கல்ச்சருக்குப் பக்கத்தில் குட்டையான கல்ச்சர் நின்றால், குட்டையின் ஓர வரிசை நிழலில் வாடும். உயரமானதன் ஓர வரிசை அடுத்தவன் வெயிலையும் சேர்த்துத் தின்னும். அதனால் ஓரத்து இரண்டு வரிசைகளையும், நடு வரிசைகளில் இரண்டு முனைச் செடிகளையும் தள்ளிவிட்டு, நடுவில் மிஞ்சும் பதினாறு செடிகளை மட்டும் எடை பார்க்க வேண்டும். நாற்பது நட்டுப் பதினாறை எடுப்பது வீண் செலவு என்று மேலே இருப்பவர்கள் எப்போதும் சொல்வார்கள். அந்த இருபத்து நான்கு செடிகளும் காவல்காரர்கள். சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த அளவு கண்ணில் தெரியும்படி சொல்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஒரே ஒரு கல்ச்சருக்கான ஒரு பாத்திக்கு அப்படி ஒன்பது வேண்டும். பத்தொன்பது கல்ச்சரும் ஒரு செக்குமாக இருபது எண்ட்ரி, ஒவ்வொன்றும் மூன்று தடவை என்றால் அறுபது பாத்தி, 1350 சதுர மீட்டர். வாடகைப் பாத்தி கணக்கில் 540. ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னது இதைத்தான், வரப்பும் வாய்க்காலும் நீங்கலாக.

எந்தப் பாத்தி எங்கே போவது என்பதற்கு வருகிறேன். கிணற்றிலிருந்து வரும் வாய்க்கால் நிலத்தின் அறுபது மீட்டர் நீளத்துக்கும் ஓடியது. அதன் ஓரமாக இருபது பாத்திகளை வரிசையாக வைத்து, அதற்குக் கீழே இன்னொரு இருபது, அதற்குக் கீழே இன்னொரு இருபது என்று மூன்று அடுக்கு. கல்லூரியில் படித்தபடி சீட்டுக் குலுக்கி எண்களைக் கலைத்துத்தான் நான் வரைபடம் போட்டேன். அதை மேலிடம் திருப்பி அனுப்பியது. திடல் நாளுக்கு வியாபாரிகளும் விவசாயிகளும் வருவார்கள், எண் 1 முதல் 20 வரை வரிசையாக இருந்தால்தான் பார்த்துக்கொண்டே நடக்க வசதி, மூன்று அடுக்கும் ஒரே மாதிரி இருந்தால் பலகையும் குறைவு. எனக்கு இருபத்து மூன்று வயது. சரி என்று மாற்றிப் போட்டேன். மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை.

ஐப்பசியில் நடவு, மாசியில் அறுப்பு. நான்காம் எண் கல்ச்சர் செக்கைவிட இருபது விழுக்காட்டுக்கு மேல் எடை காட்டியது. மூன்று அடுக்கிலும் முன்னணி. திடல் நாளில் எல்லோரும் அந்தப் பாத்தியின் முன்தான் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இலை அகலம், தடிப்பு, மேலே பிசுபிசுப்பு எல்லாம் அருமை. அடுத்த வருடம் அதன் நாற்றை மூன்று ஊர்களில் கொடுத்து நட்டோம். மூன்றிலும் பாக்கியலட்சுமியோடு சமமாகத்தான் நின்றது, ஓர் ஊரில் கொஞ்சம் கீழே. பழி மழை மேல் போடப்பட்டது, பிறகு விவசாயிகள் மேல்.

குத்தகைக் கணக்கைத் தீர்க்க நிலத்துக்காரரிடம் போனபோது நடந்ததைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நாலாம் நம்பர் எங்க வச்சிருந்தீக தாயி? வாய்க்கா தலைமாட்டுலதான?"

"ஆமாங்கய்யா. மூணு அடுக்குலயும் அங்கதான்."

"அந்த மூலையில நான் பத்து வருஷமா ஆட்டுக்கிடை போட்ட எடமுல்ல. ஒரு கம்பை நட்டாலும் அங்க துளுக்கும். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

சித்திரை வைகாசியில் இராத்திரிக்கு இராத்திரி ஆடுகளை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். எங்கள் பக்கம் அதைக் காசு கொடுத்துப் போடுவார்கள். பத்து வருடக் கிடை உரம், அதோடு வாய்க்காலின் தலைமாட்டுத் தண்ணீர். எண் 1 முதல் 5 வரை இருந்த கல்ச்சர்கள் மூன்று தடவையும் அந்த இடத்தில்தான் வளர்ந்தன. பட்டியலின் கடைசிப் பெயரான பாக்கியலட்சுமி இருபதாம் எண். மூன்று தடவையும் தண்ணீர் அரைகுறையாக எட்டும் கடைமடையில். நாங்கள் அளந்தது இரண்டு விதைகளின் வித்தியாசத்தை அல்ல, நிலத்தின் இரண்டு முனைகளின் வித்தியாசத்தை.

இதில் என்னை இன்றும் உறுத்துவது, மூன்று தடவை நட்டோம் என்ற தைரியம்தான். மூன்று அடுக்கிலும் முன்னணி என்று சொல்லும்போது குரலில் ஒரு உறுதி வந்துவிடும். தப்பைத் திருப்பித் திருப்பிச் செய்தால் அது சரியாகிவிடாது, அழுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1919ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணைக்கு வேலைக்குப் போனபோது அங்கே 1843ல் தொடங்கிய சோதனையில் சேர்த்து வைத்த கோதுமை விளைச்சல் கணக்குகள் காத்திருந்தன. அதில் மூழ்கியவர் 1926ல் ஒரு கட்டுரையில் கேட்டதன் சாரம் இதுதான்: பாத்திகளை நீயே யோசித்து இடம் பார்த்து வைத்தால், உன் பிழை எவ்வளவு என்று உனக்கே எப்படித் தெரியும்? சீட்டுக் குலுக்கு. அப்போதுதான் நிலத்தின் ஏற்றத்தாழ்வு எல்லா ரகத்துக்கும் ஒரே வாய்ப்பில் போய்ச் சேரும். கின்னஸ் மதுபான ஆலையில் பார்லி சோதனைகள் பார்த்த கோசெட், "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதியவர், இதை ஏற்கவில்லை. நிலத்தை அறிந்தவன் ஒழுங்காக மாற்றி மாற்றி வைத்தால் குலுக்கலைவிட நல்ல சமநிலை வரும் என்று 1937ல் சாகும் வரை வாதாடினார். அவர் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நிலத்தை அறிந்தவனிடம் வரைபடம் போகும் என்று என்ன நிச்சயம்? எங்கள் திடலில் நிலத்தை அறிந்தவர் வெற்றிலை மடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வரைபடம் போட்டது ஆட்டுக்கிடை பற்றி அறியாதவர்கள். அறியாதவர்களுக்குச் சீட்டுதான் காப்பு. நான் ஃபிஷர் பக்கம்.

குலுக்கல் ஒருதலைச் சாய்வை நீக்கும். இரைச்சலை, அதாவது பாத்திக்குப் பாத்தி வரும் ஆட்டத்தை, குறைக்காது. அதற்குத்தான் பிளாக். ஒரே மாதிரி இடங்களை ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டுக்குள் எல்லா எண்ட்ரியையும் போட்டுக் குலுக்குவது. எங்கள் ஒவ்வொரு அடுக்கும் தலைமாட்டிலிருந்து கடைமடை வரை அறுபது மீட்டர் நீண்டு கிடந்தது. அதை ஒரே மாதிரி இடம் என்று யார் ஒப்புவார்கள்? வாய்க்காலின் தலைப்பகுதி ஒரு பிளாக், நடுப்பகுதி ஒரு பிளாக், கடைமடை ஒரு பிளாக் என்று குறுக்கே வெட்டியிருக்க வேண்டும். அப்படி வெட்டினாலும் இருபது பாத்தி ஒரு பிளாக்குக்குப் பெரிசு. இப்போது நான் போடுவது, ஒவ்வொரு தடவையையும் ஐந்து பாத்தி கொண்ட நான்கு சிறு பிளாக்குகளாகப் பிரிப்பது. எந்தச் சிறு பிளாக்கிலும் எல்லா எண்ட்ரியும் இருக்காது. ஆனால் ஒன்றோடு ஒன்று முடிந்தவரை சமமாகச் சந்தித்துக்கொள்ளும்படி கணினி அடுக்கித் தரும். யேட்ஸ் 1936ல் கொடுத்த பழைய லாட்டிஸ் முறையில் எண்ட்ரி 16, 25, 36 என்று வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். பாட்டர்சனும் வில்லியம்ஸும் 1976ல் கொண்டுவந்த ஆல்ஃபா முறை அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது.

கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். எனக்கோ இதுதான் மனசுக்கு நெருக்கமான பத்தி.

ஒரே விதையைப் போட்ட பாத்திகளுக்குள்ளேயே விளைச்சல் 12 விழுக்காடு அளவில் ஆடுகிறது என்று வையுங்கள். வயல்வெளியில் இது பெரிய ஆட்டமே இல்லை. மூன்று தடவை நட்டால், இரண்டு கல்ச்சர்களுக்கு நடுவே ஏறக்குறைய 20 விழுக்காடு வித்தியாசம் இருந்தால்தான் அதை நம்பலாம். ஒரு கல்ச்சர் உண்மையிலேயே 10 விழுக்காடு மேலானது என்றால்கூட, அந்தத் திடலால் அதைச் சொல்ல முடியாது. ஆறு தடவை நட்டால் எல்லை 14க்கு இறங்கும். நிலத்தைச் சரியாகப் பிளாக் கட்டி ஆட்டத்தை 12லிருந்து 8க்குக் குறைத்தால், மூன்று தடவையிலேயே 13க்கு வந்துவிடும். ஒரு காகிதத்தில் கோடுகளை இடம் மாற்றிப் போட்டதற்கு, நிலத்தை இரண்டு மடங்காக்கிய பலன். இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. இருபது எண்ட்ரியும் ஒரே விதை, இருபது பெயர் மட்டும் வேறு என்று வைத்தாலும், முதலிடம் வருவது சராசரியைவிட சுமார் 13 விழுக்காடு மேலே நிற்கும். வெறும் அதிர்ஷ்டத்தில். இருபதில் முதலாவதைப் பார்த்து மயங்கும்போது நாம் பார்ப்பதில் பாதிக்கு மேல் அந்த அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

புகையிலைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதை. நாற்றங்காலில் ஒரு கல்ச்சர் நெருக்கமாக விழுந்து நாற்று மெலிந்திருந்தால், அந்த மெலிவு வயல் வரை வந்து விதையின் குற்றமாகத் தெரியும். ஆகவே குலுக்கலை நாற்றங்காலிலேயே தொடங்க வேண்டும். அப்புறம் நுனி கிள்ளுவது. மொட்டு விடும்போது கொழுந்தைக் கிள்ளினால்தான் சத்து இலைக்குப் போகும். ஆனால் இருபது கல்ச்சரும் ஒரே நாளில் மொட்டு விடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கிள்ளினால் முந்திப் பூப்பது நஷ்டப்படும். பருவம் பார்த்துத் தனித்தனியாகக் கிள்ளினால் வேலைக்காரப் பெண்கள் பத்து நாள் திரும்பத் திரும்ப வர வேண்டும். எங்கள் திடலில் ஒரே நாளில்தான் கிள்ளினோம்.

கிள்ளியவர்கள் எந்தப் பாத்தியிலிருந்து தொடங்கினார்கள் என்று யாராவது கேட்டீர்களா? ஒன்றாம் எண்ணிலிருந்து. புகையிலையின் தேமல் நோயைத் தருவதுதான் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ். 1898ல் பெயிரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி அதைத் தொற்றும் திரவம் என்று எழுதினார். அது கையில் ஒட்டிப் பரவும். வாயில் போட்ட காய்ந்த புகையிலையிலிருந்துகூடக் கைக்கு வரும். ஒன்றில் சுத்தமான கையோடு தொடங்கி, இருபதுக்கு வரும்போது பத்தொன்பது பாத்திகளின் சாறு விரலில் கருப்பாகப் படிந்திருக்கும். பாவம் பாக்கியலட்சுமி, கடைமடைத் தண்ணீரோடு அந்தக் கைகளையும் வாங்கிக்கொண்டது. பக்கச் சிம்பு ஒடிக்கும்போதும் அதே கதை. அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். பனி ஈரத்தோடு இலையைத் தொட்டுத் தொட்டு நிக்கோடின் தோலில் இறங்கி, பதினொரு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தவர்கள் அவர்கள். எங்கே தொடங்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியது என் வேலை.

அறுத்த பிறகும் திடல் முடிவதில்லை. வெயிலில் வாட்டிய செடிகளைப் போர் போட்டுப் பிரித்துப் பிரித்துப் பதப்படுத்தும்போது, போரின் நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. ஆந்திரத்தில் சூடான காற்றில் இலை உலர்த்தும் கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஒரே சூடு இருக்காது. போரும் கொட்டகையும் இன்னொரு வயல் என்று நினைத்து, ஒரு பிளாக்கின் இலையெல்லாம் ஒரே தட்டில், ஒரே அடுக்கில் போகும்படி வைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் படிப்பில் சொல்லித் தரவில்லை.

செத்த செடியும் ஒரு கேள்விதான். பதினாறில் இரண்டு காலியானால் பதினாலின் எடையைப் பதினாறுக்குப் பெருக்கிவிடலாம் என்பார்கள். காலி இடத்துக்குப் பக்கத்துச் செடி அந்த வெயிலையும் தண்ணீரையும் எடுத்துப் பெருத்துவிடும். பெருக்கினால் அந்தக் கல்ச்சருக்கு இரட்டை லாபம். எங்கள் பதிவேட்டில் அப்படிப் பெருக்கிய எண்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றை எழுதிய கையெழுத்து என்னுடையது.

அங்கிளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு கோப்பி-ஓ வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, ஆட்டுக்கிடைக் கதையை மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நிழல் விழும் சுவரைப் பார்த்தார். "அப்ப சுவரோரமா ரெண்டையும் போடணும், வெளியிலயும் ரெண்டையும் போடணும். அப்படித்தானே?" என்றார். பிளாக் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை.

புதிதாகப் பன்னிரண்டு தொட்டி எடுத்தோம். சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டிரண்டாக, ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எது இடம், எது வலம் என்று இருபது காசைச் சுண்டினோம். முதல் மூன்று தடவையும் அவருடைய வெண்டை தூண் பக்கம் விழுந்தது. "இன்னொரு தடவை சுண்டலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். ஆறு ஜோடியிலும் ஒரே விதை ஜெயித்தால், அது தற்செயலாக நடக்க 32ல் 1 தான் வாய்ப்பு என்று ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். அவர் அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

காய் பறிப்பு இப்போது நான்காம் வாரம். சமையலறைத் தராசில் நிறுத்து அவரே எழுதுகிறார். நேற்று வரை மூன்று ஜோடியில் அவருடைய வெண்டை மேலே, இரண்டில் பாக்கெட் விதை. ஐந்தாம் ஜோடியில் அவருடைய செடியின் குருத்தைப் போன வாரம் நத்தை தின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். "காலி. நத்தை." என்று தமிழில், நீல மையில்.